ஸ்பிரிங்க்ளர் வால்வில் தண்ணீர் ஒழுகுதா? டேப் சுத்தி அடைக்கும் முன் இதைப் படிங்க!

அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்கு, வீட்டுச் சுவரோரம் தொப்பி போட்டதுபோல நிற்கும் அந்தப் பித்தளைக் கருவி புதிதாகத்தான் இருக்கும். புல்தரை ஸ்பிரிங்க்ளருக்கான தண்ணீர் இதன் வழியாகவே போகிறது. ஒருநாள் அதன் உச்சியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தால், 'ஐயோ, பைப் உடைஞ்சு போச்சே' என்று டேப் சுற்றத் தோன்றும். ஆனால், அதை மட்டும் செய்யவே கூடாது. ஏன்?

இதன் வேலை என்ன?

இதன் பெயர் பேக்ஃப்ளோ பிரிவென்டர். போன தண்ணீர் பின்னால் திரும்பி வராமல் தடுப்பதுதான் இதன் வேலை. தெருவில் மெயின் குழாய் உடைந்தாலோ, தீயணைப்புக்காக அதிக தண்ணீர் எடுத்தாலோ, குழாயில் அழுத்தம் சட்டென்று குறையும். அப்போது புல்தரையில் தேங்கிய உரம், பூச்சிமருந்து, நாய்க்கழிவு கலந்த நீர் உறிஞ்சப்பட்டு சமையலறைக் குழாய் வரை வந்துவிடலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1933-ல் சிகாகோ உலகக் கண்காட்சி நடந்தபோது, ஹோட்டல்களின் பழுதான குழாய் இணைப்புகளால் கழிவுநீர் குடிநீரில் கலந்து அமீபிக் சீதபேதி பரவியது. 98 பேர் உயிரிழந்தனர்.

உச்சியில் துளை எதற்கு?

வீடுகளில் பரவலாக உள்ள வகை, பிரஷர் வாக்யூம் பிரேக்கர். இதற்குள் ஸ்பிரிங் வைத்த செக் வால்வும், மேலே 'பாப்பெட்' என்ற மூடியும் இருக்கும். அழுத்தம் இருந்தால் மூடி மேலேறி காற்றுவழியை அடைக்கும். அழுத்தம் குறைந்தால் கீழிறங்கி காற்றை உள்ளே விடும்; உறிஞ்சுவது அத்தோடு நின்றுவிடும். அந்தத் துளையை அடைத்தால் ஒழுகல் நிற்கலாம், பாதுகாப்பும் சேர்ந்தே போய்விடும்.

ஒழுகும் இடம் சொல்லும் காரணம்

* தண்ணீரைத் திறந்ததும் சில நொடி மட்டும் பீய்ச்சினால், அது இயல்பு. பதற வேண்டாம்.
* நிற்காமல் வழிந்தால், வால்வை மூடிவிட்டு கொஞ்சம் வேகமாகத் திறந்து பாருங்க. மெதுவாகத் திறந்தால் மூடி ஏறுவதற்குத் தேவையான அழுத்தம் கிடைக்காது.
* அப்பவும் நிற்கலையா? மூடியில் மண் சிக்கியிருக்கலாம், ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம், அல்லது பனியில் உள்மூடி விரிசல் விட்டிருக்கலாம்.
* பக்கவாட்டில் உள்ள சின்ன டெஸ்ட் காக்கில் சொட்டினால், அதன் திருகு முழுதாக மூடாமல் இருக்கலாம். திருகின் வெட்டு குறுக்காக இருந்தால்தான் அது மூடியிருக்கிறது என்று அர்த்தம்.
* பித்தளை உடலிலேயே விரிசல் என்றால், முழுக் கருவியையும் மாற்ற வேண்டியதுதான்.

சரிசெய்வது எப்படி?

1. இரண்டு பக்க வால்வுகளையும் மூடி, டெஸ்ட் காக்குகளைத் திறந்து உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும்.
2. தொப்பியைக் கழற்றி, உள்மூடியைத் திருகி எடுத்து, பாப்பெட்டையும் ரப்பர் வளையங்களையும் சுத்தம் செய்ய வேண்டும்.
3. கிழிசல், விரிசல் இருந்தால் அதே மாடல், அதே அளவுக்கான ரிப்பேர் கிட் வாங்கி மாற்றலாம்.
4. மீண்டும் பூட்டியதும் டெஸ்ட் காக்குகளை மூடிவிட்டு, முதலில் தண்ணீர் வரும் பக்க வால்வையும், பிறகு ஸ்பிரிங்க்ளர் பக்க வால்வை மெதுவாகவும் திறக்க வேண்டும்.

ஒரு முக்கிய விஷயம்: பல ஊர்களில் பழுது பார்த்த பிறகு, சான்றிதழ் பெற்ற பரிசோதகர் சோதிப்பது கட்டாயம். சில இடங்களில் உரிமம் உள்ளவர்தான் கருவியையே தொடலாம். எனவே ஸ்பேனரை எடுக்கும் முன் உள்ளூர் குடிநீர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பனிக்காலம் வருதா?

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவடையும். அந்த அழுத்தத்தை பித்தளையே தாங்காது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய கடும்பனியில் ஏராளமான வீடுகளின் குழாய்கள் வெடித்தன. உறைபனிக்கு முன்பே ஸ்பிரிங்க்ளர் லைனை மூடி, கருவியில் உள்ள தண்ணீரை வடித்துவிட்டு, அதன் வால்வுகளைப் பாதி திறந்த நிலையில் விட்டு, மேலே காப்புறை போட்டால் போதும். அடுத்த வசந்தத்தில் ஒழுகல் தொல்லை பெரும்பாலும் இருக்காது.