கறுப்பு உடையில் ஒளிந்து ஓடிய சைக்கிள் பந்தயம்!

ரோடு என்பது எல்லோருக்கும் பொது. பஸ் போக வேண்டும். லாரி போக வேண்டும். பால்காரர் போக வேண்டும். பள்ளிக்கூடத்து பிள்ளைகள் போக வேண்டும்.

அந்த ரோட்டில் சைக்கிள் பந்தயம் விடலாமா? விட்டால் யாருக்கு ஆபத்து? பந்தயம் ஓடுகிறவருக்கா? சும்மா ரோட்டில் போகிறவருக்கா?

இது இன்று நேற்று வந்த கேள்வி அல்ல. இங்கிலாந்து நாட்டில் 130 ஆண்டுகளுக்கு முன்பே வந்து விட்டது. அதற்கு அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த பதில்தான் வேடிக்கை. பந்தயம் நடக்கட்டும், ஆனால் நடப்பது ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று முடிவு கட்டினார்கள்!

அந்த விவரம் வருமாறு:-

குதிரை மிரண்டது

1894-ம் ஆண்டு ஜூலை மாதம் 21-ந் தேதி. லண்டனில் இருந்து வடக்கே போகும் பெரிய சாலைக்கு "கிரேட் நார்த் ரோடு" என்று பெயர். அந்த ரோட்டில் 50 மைல் சைக்கிள் பந்தயம் நடந்தது.

பந்தயம் போய்க் கொண்டிருந்தது. எதிர்ப்பட்டது ஒரு குதிரை வண்டி. ஓட்டி வந்தவர் ஒரு பெண்மணி. பறந்து வந்த சைக்கிள்களை பார்த்ததும் குதிரை மிரண்டது. அவ்வளவுதான். பந்தயக்காரர்கள் தடுமாறி விழுந்தார்கள்.

அந்தப் பெண்மணி சும்மா இருக்கவில்லை. போலீசில் புகார் செய்தார். ஏற்கனவே சைக்கிள்காரர்கள் மீது போலீசாருக்கு கோபம். இனி இந்த ரோட்டில் பந்தயம் கூடாது என்று கண்டிப்பு காட்டினார்கள். சைக்கிள் சங்கத்தின் பெரியவர்கள் பயந்து போனார்கள். பந்தயத்தை விட்டுப் பிடித்தால் நாளைக்கு ரோட்டில் சைக்கிளே விடக் கூடாது என்று சட்டம் வந்து விடுமோ என்பதுதான் அவர்கள் கவலை. கூட்டமாக ரோட்டில் பந்தயம் ஓட சங்கமே தடை போட்டது.

அன்று விழுந்தவர்களில் ஒருவர் பெயர் பிரடெரிக் தாமஸ் பிட்லேக். மூன்று சக்கர சைக்கிளில் பல சாதனைகள் செய்தவர். அவர் மூளையில் உதித்ததுதான் புது திட்டம்.

ரகசிய பாதை

கூட்டமாக ஓடினால்தானே பந்தயம் என்று தெரியும்? ஒவ்வொருவராக விட்டால்?

அப்படியே செய்தார்கள். ஒரு ஆள் கிளம்பியதும் கொஞ்ச நேரம் கழித்து அடுத்த ஆள். யாரும் யாரோடும் சேர்ந்து போகக் கூடாது. போட்டி பக்கத்து ஆளோடு அல்ல, கடிகாரத்தோடு! குறைந்த நேரத்தில் தூரத்தை கடந்தவர் ஜெயித்தவர். 1895-ம் ஆண்டு அக்டோபரில் முதல் பந்தயம் இப்படி நடந்தது. இதற்கு "டைம் டிரையல்" என்று பெயர்.

மற்ற கட்டுப்பாடுகளை கேட்டால் திருட்டுத் தொழில் நடத்தினார்களோ என்று சந்தேகம் வரும்.

பந்தயம் விடிகாலையில், ஊர் எழுந்திருக்கும் முன்பு. உடை கழுத்தில் இருந்து கணுக்கால் வரை கறுப்பு. முதுகில் நம்பர் கிடையாது. பந்தயம் நடக்கும் ரோட்டின் பெயரை அச்சில் போட மாட்டார்கள். எழுத்தும் எண்ணும் சேர்ந்த ரகசிய குறியீடு மட்டும் போடுவார்கள். பட்டியலின் மேல் "அந்தரங்கம்" என்று அச்சடித்திருக்கும்.

போலீஸ்காரர் வழியில் பார்த்தால் கூட, யாரோ ஒரு ஆள் கறுப்பு சட்டை போட்டுக் கொண்டு அவசரமாக வேலைக்குப் போகிறான் என்றுதான் நினைப்பார்.

இந்த முறை பல பத்தாண்டுகள் நீடித்தது. ரோட்டுக் குறியீடு பழக்கம் மட்டும் அங்கே இன்னும் போகவில்லை.

ஈஸி சேருக்கு சக்கரம்

இனி பிரான்ஸ் நாட்டுக்கு வருவோம். அங்கே பந்தயத்தை ஒளித்து வைக்கவில்லை. திருவிழா மாதிரி நடத்தினார்கள். அங்கே கிளம்பிய தகராறு வேறு. எது சைக்கிள், எது சைக்கிள் இல்லை என்ற தகராறு!

சார்லஸ் மோஷே என்பவர் மிதித்து ஓட்டும் சிறிய வண்டிகள் செய்து வந்தவர். அவர் இரண்டு சக்கரத்தில் ஒரு சைக்கிள் செய்தார். உட்கார இருக்கை தாழ்வாக இருக்கும். முதுகை சாய்த்துக் கொள்ளலாம். கால்களை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். "ஏம்பா, ஈஸி சேருக்கு சக்கரம் கட்டிட்டாங்களா?" என்று கேட்கத் தோன்றும். இந்த ரக சைக்கிளுக்கு இப்போது "ரிக்கம்பண்ட்" என்று பெயர்.

பிரான்சிஸ் போர் என்ற வீரர் இதில் ஏறினார். அவர் முதல் வரிசை வீரர் அல்ல. 1933-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி பாரீஸ் நகர மைதானத்தில் ஒரு மணி நேரம் மிதித்தார். கடந்த தூரம் 45 கிலோ மீட்டர் 55 மீட்டர்! அதற்கு முன்பு இருந்த சாதனை 44 கிலோ மீட்டர் 247 மீட்டர். ஆஸ்கார் எக் என்பவர் 1914-ல் செய்தது. ஏறத்தாழ 19 ஆண்டு நின்ற சாதனை, சாய்ந்து உட்கார்ந்த ஆளிடம் தோற்றது.

காரணம் காற்று. வேகமாக போகும் சைக்கிள்காரர் செலவழிக்கும் பலத்தில் பெரும் பகுதி எதிர்காற்றை தள்ளத்தான் போகிறது. சாய்ந்து கொண்டால் காற்றில் மோதும் உடம்பு குறைகிறது.

உலக சைக்கிள் சங்கம் விழித்துக் கொண்டது. 1934-ல் கூடிப் பேசி, மிதி கட்டை இருக்கும் உயரம் என்ன, சீட் எங்கே இருக்க வேண்டும் என்று அளவு போட்டு சட்டம் எழுதியது. ஏப்ரல் 1-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. சாய்வு சைக்கிள் அந்த அளவில் அடங்கவில்லை. பந்தயத்தில் இருந்து வெளியேற்றப்பட்டது. அந்த தடை இன்றும் நீடிக்கிறது.

அதே ஆண்டில் மோஷே காலமானார்.

பந்தயத்தில்தான் தடை. ரோட்டில் ஓட்ட தடை இல்லை. ஐரோப்பா, அமெரிக்காவில் பலர் இந்த சைக்கிளில் ஊர் சுற்றுகிறார்கள். பாரீசில் கிளம்பி பிரெஸ்ட் நகர் போய்த் திரும்பும் 1,200 கிலோ மீட்டர் நெடும் பயணத்தில் இந்த ரக சைக்கிளையும் சேர்த்துக் கொள்கிறார்கள்.

எது ஆபத்து?

சாய்வு சைக்கிள் ரோட்டுக்கு ஆபத்தா? இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

விழுந்தால் உயரம் குறைவு. சடாரென்று பிரேக் பிடித்தால் சாதா சைக்கிளில் ஹேண்டில்பாரைத் தாண்டி தலைகுப்புற விழலாம். இதில் அந்த பயம் மிகக் குறைவு. தலை பின்னால் இருக்கிறது. மோதினாலும் முதலில் போவது கால். கண் நேராக ரோட்டை பார்க்கிறது.

ஆனால் உயரம் குறைந்ததே வினையாகவும் முடியும். லாரி டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் தாழ்வாக ஒரு சைக்கிள் வருவது அவருக்கு தெரியாமல் போகலாம். சாய்ந்தவருக்கும் முன்னே நிற்கும் காரைத் தாண்டி பார்க்க முடியாது. பின்னால் திரும்பிப் பார்ப்பதும் கஷ்டம். அதனால்தான் இதை ஓட்டுகிறவர்கள் கண்ணாடி மாட்டுகிறார்கள். பின்னால் கம்பு நட்டு கொடி கட்டுகிறார்கள். "நான் இங்கே இருக்கேன், பாருங்க" என்று அந்தக் கொடி சொல்கிறது.

பந்தயத்துக்கு தகுதியான சைக்கிளில் ஆபத்து இல்லையா? கொலம்பியா நாட்டு வீரர் எகான் பெர்னால் கதையை பாருங்கள். 2019-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றவர். 2022-ம் ஆண்டு ஜனவரியில் தன் நாட்டு ரோட்டில் பயிற்சி செய்தார். டைம் டிரையல் சைக்கிள். காற்றை கிழிக்க உடம்பை வளைத்து தலையைத் தாழ்த்தி மிதிக்க வேண்டும். முன்னே ஒரு பஸ் நின்றிருந்தது. நின்றிருந்த பஸ்! அதன் பின்புறத்தில் போய் மோதினார். தொடை எலும்பு, முதுகெலும்பு, விலா எலும்பு முறிந்தன. பல ஆபரேஷன்கள் நடந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் பந்தயத்துக்கு வந்தது அவர் மன உறுதி.

இங்கிலாந்தில் டைம் டிரையல் ஓடுகிறவர்களுக்கு "தலையை நிமிர்த்தி ஓட்டு" என்று இன்றும் எச்சரிக்கை செய்கிறார்கள்.

போலீசை கூப்பிட்டார்

ஒளிந்து ஓடும் பழக்கத்தை உடைத்தவர் பெர்சி ஸ்டாலார்டு. வுல்வர்ஹாம்டன் நகரத்து சைக்கிள் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. வெளிநாட்டில் கூட்டப் பந்தயம் ஓடிப் பார்த்தவர். நம் ஊரில் மட்டும் ஏன் கூடாது என்று கேட்டார். அப்போது உலகப் போர் நடந்தது. பெட்ரோல் தட்டுப்பாடு. ரோட்டில் கார் குறைவு. இதை விட நல்ல சமயம் வராது என்று வாதாடினார். சங்கம் மறுத்தது.

ஸ்டாலார்டு ஒளியவில்லை. நேரே போலீசாரிடம் போனார். பந்தயம் நடத்தப் போகிறோம் என்று சொல்லி ஒத்துழைப்பு கேட்டார். கிடைத்தது. பத்திரிகையிலும் செய்தி வந்தது.

1942-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி. வேல்ஸ் பகுதியில் உள்ள லாங்கோலனில் இருந்து வுல்வர்ஹாம்டன் வரை 59 மைல். பட்டப்பகலில் 40 பேர் ஒன்றாக கிளம்பினார்கள். முடியும் இடத்தில் ஆயிரம் பேருக்கு மேல் திரண்டு நின்றார்கள். ஆல்பர்ட் பிரைஸ் முதலில் வந்தார்.

பரிசாக சங்கம் கொடுத்தது என்ன தெரியுமா? ஸ்டாலார்டு நீக்கம்! அதே ஆண்டு நவம்பரில் அவரும் நண்பர்களும் தனி சங்கம் தொடங்கினார்கள். இரு சங்கமும் பல ஆண்டுகள் முட்டி மோதின. 1959-ல்தான் ஒன்று சேர்ந்தன.

1960-ல் அரசாங்கமே ரோட்டு சைக்கிள் பந்தயத்துக்கு விதிமுறை கொண்டு வந்தது. முன்கூட்டியே போலீசுக்கு தகவல் தர வேண்டும். கூட்டப் பந்தயத்தில் எத்தனை பேர் ஓடலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 65 ஆண்டுக்கு முன்னால் யாருக்கு தெரியக் கூடாது என்று மறைத்தார்களோ, அவர்களிடமே போய் சொல்லி விட்டு ஓடும் காலம் வந்தது.

கறுப்பு போய் சிவப்பு

இப்போது டைம் டிரையலில் முதுகில் நம்பர் உண்டு. கறுப்பு உடை கட்டாயம் போயிற்று. சைக்கிளின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் ஓட விடுவார்கள். பகலிலும்தான்! ரோட்டை மூடுவது கிடையாது. சிக்னல், வழிவிடும் விதி எல்லாம் பந்தயக்காரருக்கும் உண்டு. போக்குவரத்து அதிகம் உள்ள நேரத்தில் அந்த ரோட்டில் பந்தயம் வைக்கக் கூடாது என்பதும் விதி.

ரோட்டை மூடி விட்டால் ஆபத்தே இல்லையா? அதுவும் இல்லை. 1995-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இத்தாலி வீரர் பாபியோ காசார்டெல்லி மலை இறக்கத்தில் விழுந்து இறந்தார். எதிரே வண்டி இல்லை. வேகம்தான் எமன். 2003 மார்ச்சில் கஜகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலேவ் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அதன் பிறகே ஹெல்மெட் கட்டாயம் ஆயிற்று.

சாய்வு சைக்கிள்காரர்கள் வேக சாதனைக்கு என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் பேட்டில் மவுண்டன் என்ற ஊர். அதன் அருகே நீண்ட நேரான ரோடு. ஓடும் நேரத்துக்கு மட்டும் போக்குவரத்தை நிறுத்தி விடுகிறார்கள். 2016-ல் அங்கே கனடா நாட்டு டாட் ரெய்கர்ட் மணிக்கு 144.17 கிலோ மீட்டர் வேகம் தொட்டார். கால் பலத்தால் மட்டும்! முட்டை ஓடு மாதிரி மூடிய கூட்டுக்குள் படுத்துக் கொண்டு, கேமரா படத்தில் ரோட்டைப் பார்த்து மிதித்தார். அப்படிப்பட்ட வண்டியை கடை வீதியில் விட முடியுமா? முடியாது. அதனால்தான் அதற்கு தனி நேரம், தனி ரோடு.

பிட்லேக் முடிவு

பந்தயத்தை கறுப்பு உடையில் ஒளித்து வைத்த பிட்லேக் என்ன ஆனார்?

1933-ம் ஆண்டு. சாய்வு சைக்கிள் சாதனை செய்த அதே ஆண்டு. பிட்லேக்குக்கு வயது 66. லண்டனுக்கு வடக்கே பார்னெட் மேட்டில் இருந்து சைக்கிளில் இறங்கி வந்தார். பந்தயம் அல்ல. சும்மாதான் போனார். ஒரு கார் மோதியது. சில வாரங்கள் உயிரோடு போராடினார். செப்டம்பர் மாதம் 17-ந் தேதி இறந்தார்.

ஒரு குதிரை மிரண்டதற்காக பந்தயத்தை ஒளித்து வைத்த காலம் போய், குதிரை இருந்த இடத்தில் கார் வந்து விட்டது. சைக்கிள்காரர் ஒளிந்தாலும் ஒதுங்கினாலும் காருக்கு தெரிய வேண்டுமே!

சாண்டி என்ற ஊர் அருகே, அதே கிரேட் நார்த் ரோட்டு ஓரத்தில், சைக்கிள்காரர்கள் காசு போட்டு அவருக்கு ஒரு சிறு நினைவுத் தோட்டம் அமைத்தார்கள். அவர் பெயரில் ஆண்டுதோறும் பரிசும் தருகிறார்கள்.

இன்று அந்நாட்டில் பந்தயம் ஓடுகிறவர் கிளம்பும் இடத்தில் முதலில் பார்ப்பது அவர் காலை அல்ல. பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இன்று இருட்டிய பிறகு சைக்கிளில் வீடு திரும்புகிறவரும் கிளம்பும் முன் ஒரு முறை குனிந்து பார்த்துக் கொள்ளலாம்.