வீட்டுக்கு வராத தத்துப் பிள்ளை

தத்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குழந்தைதான். ஆனால் வீட்டுக்கே வராத, நாம் தொட்டுக்கூடப் பார்க்க முடியாத ஒரு ஜீவனையும் தத்து எடுக்கலாம் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே? சிங்கம், புலி, சிவிங்கிப்புலி இவைகளைத்தான் சொல்கிறேன்!

சிவிங்கிப்புலி வேறு, சிறுத்தை வேறு. நம் மேற்கு மலையில் இருப்பது சிறுத்தை. சிவிங்கிப்புலி ஒல்லி உடம்பு, நீண்ட கால், ஓட்டத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. கண்ணோரத்திலிருந்து வாய் வரை, கண்ணீர் வழிந்து காய்ந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு இருக்கும். சிங்கம் போலக் கர்ஜிக்காது. நம் நாட்டில் கடைசியாக இருந்த 3 சிவிங்கிகள் 1947-ல் சுட்டுக் கொல்லப்பட்டன என்பார்கள். 1952-ல் இந்த இனமே இங்கு இல்லை என்று அரசு அறிவித்துவிட்டது. பிறகு 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 என்று மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குக் கொண்டு வந்தார்கள்.

இதைப் படித்துக் காட்டியபோது என் மகள் கேட்டாளே ஒரு கேள்வி! "ஏம்மா, ஆப்பிரிக்காவுல காப்பாத்துன குட்டிங்க எல்லாம் வேலிக்குள்ளதான் இருக்காமே? அதுங்களையும் காட்டுல விட்டுற வேண்டியதுதானே?"

நியாயமான கேள்விதான். ஆனால் விட முடியாது. ஏன் என்று தாய்மார்களாகிய நமக்குச் சட்டென்று புரியும்.

சிவிங்கிக் குட்டி ஒன்றரை வயது வரை தாயோடுதான் இருக்கும். எப்படிப் பதுங்குவது, எந்த மிருகத்தைத் துரத்தலாம், எதைக் கண்டால் ஓட வேண்டும் எல்லாம் தாய் சொல்லித் தருகிற பாடம். சின்ன மானை உயிரோடு பிடித்து வந்து குட்டிகள் முன் விட்டுப் பழக்குமாம்! நாம் பெண்ணுக்கு உலை வைக்கக் கற்றுக் கொடுக்கிற மாதிரிதான். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் பிடித்துக்கொண்டு வந்த குட்டிக்கு வேட்டை தெரியாது. போதாததற்கு மனிதனைக் கண்டால் பயமும் இருக்காது. காட்டில் விட்டால் ஒன்று பட்டினியில் சாகும், இல்லாவிட்டால் ஊருக்குள் வந்து அடிபட்டுச் சாகும்.

அப்படியானால் பிடித்து வருகிறவர்கள் யார்? பணக்காரர் வீட்டில் செல்லமாக வளர்ப்பதற்காக, ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையிலிருந்து குட்டிகளைத் திருடிக் கடல் தாண்டி அரபு நாடுகளுக்குக் கடத்துகிறார்கள். வழியிலேயே பாதிக்கு மேல் செத்துப் போகின்றன. பிடிபட்டதில் பிழைத்தவைகளைச் சோமாலிலாந்தில் ஒரு காப்பகத்தில் வைத்து வளர்க்கிறார்கள். அதை நடத்துவது சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் என்ற அமைப்பு. 1990-ல் லாரி மார்க்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி நமீபியாவில் தொடங்கியது. காட்டுக்குத் திரும்ப முடியாத இந்தக் குட்டிகளின் தீனிக்கும் மருந்துக்கும் உலகம் முழுவதிலுமிருந்து சாதாரண மக்கள் பணம் அனுப்புகிறார்கள். அதுதான் இந்தத் தத்து.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வண்டலூரிலேயே இந்த ஏற்பாடு இருக்கிறது.

அங்கேயும் காட்டுக்குப் போக முடியாதவைகளுக்கு ஒரு கதை உண்டு. நாம் சின்ன வயதில் சர்க்கஸில் சிங்கம் வளையத்துக்குள் தாண்டுவதைக் கைதட்டிப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு இவைகளை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்ற அரசுத் தடையை 2001-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சர்க்கஸ்களிலிருந்து மீட்ட சிங்கங்களை வைத்துக் காப்பாற்ற நாட்டில் சில இடங்களில் மறுவாழ்வு மையங்கள் அமைத்தார்கள். அதில் வண்டலூரும் ஒன்று. கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்த சிங்கம் எந்தக் காட்டுக்குப் போகும்? அதன் ஆயுள் முடிகிற வரை யாராவது கறி போட்டுத்தானே ஆக வேண்டும்?

ஒரு சிங்கத்துக்கு நாளொன்றுக்கு ஏழெட்டுக் கிலோ கறியாவது வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விரதம். நம் வீட்டுப் பெரியவர்களின் சனிக்கிழமை விரதம் மாதிரி, வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கத்தான். 2021 ஜூனில் கொரோனா கண்டு வண்டலூரில் 2 சிங்கங்கள் இறந்து போயின. அப்போது பூங்காவைப் பூட்டியிருந்தார்கள், டிக்கெட் வசூல் கிடையாது. ஆனால் வயிறு விடுமுறை கேட்குமா?

இந்தச் செலவில் பொதுமக்கள் பங்கு கொள்வதைத்தான் 'விலங்கு தத்தெடுப்பு' என்கிறார்கள். நடிகர் சிவகார்த்திகேயன் 2018-ல் அனு என்ற வெள்ளைப்புலியை ஆறு மாதத்துக்குத் தத்து எடுத்தார். "அதெல்லாம் சினிமாக்காரர்களுக்கு!" என்று ஒதுங்கிவிட வேண்டாம். யானை, புலிதான் என்றில்லை, சின்னப் பிராணிகளும் பறவைகளும் உண்டு. பிராணிக்குத் தக்கபடி, காலத்துக்குத் தக்கபடி தொகை மாறும். கொடுக்கிற பணத்துக்கு வருமான வரிச் சலுகையும் உண்டு.

எங்கள் சிவகாசித் தெருவில் தீபாவளிச் சீட்டு சேர்க்கிற பெண்களிடம் இதைச் சொன்னேன். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிற மதினி ஒருவர் வெடுக்கென்று கேட்டுவிட்டார்:

"வெடி விபத்துல செத்தவுக பிள்ளைக படிக்க வழியில்லாம நிக்குது. நீங்க சிங்கத்துக்குக் கறி வாங்கப் போறீகளாக்கும்?"

2012-ல் முதலிப்பட்டியில் நடந்த விபத்தை எங்கள் ஊரில் யாரும் மறக்க முடியாது. ஆகவே மதினியின் கேள்வியை நான் தட்டிக் கழிக்கவில்லை. "முதலில் மனுஷப் பிள்ளைகள்தான் மதினி, அதில் மாற்றமில்லை" என்றேன். விபத்தில் பெற்றவர்களை இழந்த பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு என்று நாங்கள் எடுத்து வைக்கிற பணத்தில் ஒரு காசும் குறைக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அதற்கு மேல், இஷ்டப்பட்டவர்கள் மட்டும் மாதம் பத்து ரூபாய் தனியாகப் போடுவது. வருஷக் கடைசியில் அந்தத் தொகைக்கு எந்தப் பிராணி கட்டுப்படியாகிறதோ, அதற்குத் தீனி.

இரண்டு நாள் கழித்து மதினியே வந்து பத்து ரூபாயை நீட்டினார். "தாயில்லாப் பிள்ளைன்னா எல்லாம் ஒண்ணுதான, இந்தாங்க" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

தத்து எடுக்க நினைக்கும் சகோதரிகள் சில விஷயங்களைக் கவனியுங்கள். அரசுப் பூங்காவா, முறையான காப்பகமா என்று விசாரித்து, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். "குட்டியை மடியில் வைத்துப் படம் எடுத்துக் கொள்ளலாம்" என்று காசு கேட்கும் இடங்கள் வெளிநாடுகளில் உண்டு. உங்கள் பிள்ளைகள் அங்கெல்லாம் வேலைக்கோ சுற்றுலாவுக்கோ போனால், இதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். மடியில் வைக்கக் குட்டி வேண்டும் என்பதற்காகவே தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். பிரித்த குட்டி மறுபடி காட்டைப் பார்ப்பது அரிது.

பத்து ரூபாய்கூட முடியாதவர்களுக்கும் ஒரு தொண்டு இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை, 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமானது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. இப்படி மலையும் தோப்பும் உள்ள ஊர்களில், 'பாவம், தனியாகக் கிடந்தது' என்று மயில் குஞ்சையும் கிளிக் குஞ்சையும் பிள்ளைகள் தூக்கி வருவது சகஜம். பெரும்பாலும் தாய் இரை தேடத்தான் போயிருக்கும். தொடாமல் விட்டால் திரும்பி வரும். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், தெரியுமோ?

தாயிடமிருந்து பிரிக்கப்பட்டதற்குச் சோறு போடுவது புண்ணியம். பிரிக்காமல் இருக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்பது அதைவிடப் பெரிய புண்ணியம். அதற்குக் காசு பணம் தேவையில்லை. ராத்திரி சோறு ஊட்டும்போது ஒரு கதையாகச் சொன்னால் போதும்!