கேளாத சொல்லும் மறந்த சொல்லும்

மறதி என்று கூறி முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்து வரும் குடும்பத்தினர் பெரும்பாலும் ஒரே வகையான குறைகளைச் சொல்கின்றனர். சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்; கேள்வி ஒன்றாக இருக்க விடை வேறாக இருக்கிறது; நான்கு பேர் கூடிய இடத்தில் வாய் திறவாமல் ஒதுங்கிவிடுகிறார். இவை மறதி நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். செவித்திறன் குறைவின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கவும் கூடும். ஆகவே, நினைவாற்றலைச் சோதிக்கும் முன் காதைச் சோதிக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துகிறோம்.

வயது முதிர்வால் வரும் செவித்திறன் குறைவு உட்செவியில் தொடங்குகிறது. அங்கே நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்லியா என்னும் உறுப்பில், ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர் செல்கள் உள்ளன. ஒலியின் அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவையே. இவை பிறக்கும்போதே அமைந்துவிடுகின்றன. அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கூர்மையான, உச்ச அதிர்வெண் ஒலிகளை வாங்கும் செல்கள்தாம் பெரும்பாலும் முதலில் பழுதடைகின்றன. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக ஒலிக்கின்றன. க, ச, த, ப போன்ற வல்லின மெய்களோ நொடிப்பொழுதில் தோன்றி மறையும் மெல்லிய ஒலிகள். அவை மங்கினால் சட்டி, கட்டி, தட்டி, பட்டி ஆகிய நான்கும் ஒரே சொல்லாகக் காதில் விழும். ‘சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் விளங்கவில்லை’ என்று முதியவர்கள் கூறுவது சாக்குப்போக்கு அன்று. அவர்களுடைய காதின் நிலையைத் துல்லியமாக விளக்கும் சொற்கள் அவை. உரக்கக் கத்தினாலும் பயன் குறைவு. கத்தும்போது பெரிதாவது உயிரொலிதான். மெய்யொலி அவ்வளவாகப் பெரிதாவதில்லை.

விடுபட்ட ஒலிகளை ஊகித்து நிரப்பும் வேலை மூளையின் மேல் விழுகிறது. பேசுபவரின் உதட்டசைவு, முன்பின் சொற்கள், பழைய அனுபவம் ஆகியவற்றைக் கொண்டு அது வாக்கியத்தை ஒட்டவைக்கிறது. இதற்கே கவனம் முழுவதும் செலவானால், கேட்டதை மனத்தில் பதிப்பதற்கு எஞ்சுவது சிறிதளவே. திருமண வீட்டிலிருந்து திரும்பும் முதியவர் சோர்ந்து படுத்துவிடுவதற்கு இந்த உழைப்பும் ஒரு காரணம்.

பல ஆண்டுகள் தெளிவான ஒலி சென்று சேராவிட்டால் மூளையின் அமைப்பிலும் மாற்றம் நேர்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஸ்கேன் படங்களை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்ட ஆய்வுகளில், செவித்திறன் குறைந்தவர்களின் மூளை, அதிலும் ஒலியைப் பகுத்தறியும் பொட்டுப் பகுதி, மற்றவர்களைக் காட்டிலும் விரைவாகச் சுருங்கியிருந்தது. இதனுடன் தனிமையும் சேர்கிறது. பேச்சு விளங்காதவர் பேச்சையே தவிர்க்கிறார். கோயிலுக்கும் சங்கக் கூட்டத்துக்கும் போவதை நிறுத்துகிறார். மூளைக்கு வேலை தரும் உரையாடல்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. சிலரிடம் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் காதின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் மூளையின் இரத்தக் குழாய்களையும் ஒருசேரப் பாதித்திருக்கக் கூடும்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மறதி நோய் இல்லாத 639 பேரை ஏறத்தாழ 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். செவித்திறன் இலேசாகக் குறைந்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகவும், நடுத்தரமாகக் குறைந்தவர்களுக்கு மூன்று மடங்காகவும், கடுமையாகக் குறைந்தவர்களுக்கு ஐந்து மடங்காகவும் இருந்தது. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், மாற்றக்கூடிய 14 இடர்க் காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் செவித்திறன் குறைவின் பங்கு சுமார் 7 விழுக்காடு. இந்த எண்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். காது மந்தமானவர்களில் பலருக்கு மறதி நோய் வருவதே இல்லை.

கருவி அணிந்தால் மறதி நோயைத் தடுக்கலாமா? விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு உறுதியாக நாங்கள் சொல்ல மாட்டோம். 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் அமெரிக்காவில் நடந்த அச்சீவ் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. மூன்று ஆண்டுகளின் முடிவில், அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது, செவித்துணைக் கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் அறிதிறன் சரிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் வயது, பிற நோய்கள் முதலியவற்றால் ஏற்கெனவே கூடுதல் இடரில் இருந்த பிரிவினரிடம் சரிவின் வேகம் 48 விழுக்காடு குறைந்திருந்தது. நினைவாற்றல் எப்படிப் போனாலும், பேரக் குழந்தையின் பேச்சு விளங்குவதே ஒரு நன்மைதான்.

நினைவாற்றல் சோதனையில் சில சொற்களை வாசித்துக் காட்டிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். ஐந்தில் மூன்று மட்டுமே காதில் விழுந்தவர் ஐந்தையும் எப்படிச் சொல்வார்? மதிப்பெண் குறையும், குறைந்தது காதா நினைவா என்பது அந்தத் தாளிலிருந்து தெரியாது. எனவே சோதனைக்கு வரும்போது கருவியை அணிவித்து அழைத்து வாருங்கள். காது மந்தம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அமைதியான அறை வேண்டுமென்று தயங்காமல் கேளுங்கள். மருந்துச் சீட்டை விளக்கும்போதும் இதே கவனம் தேவை. ‘காலை’ என்று மருத்துவர் சொன்னது ‘மாலை’ என்று கேட்டிருந்தால், வீட்டார் அதையும் மறதிக் கணக்கில் எழுதிவிடுவார்கள். வேளையைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வதே நல்லது.

பரிசோதனையில் வலி இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் காதைப் பார்ப்பார். சில வேளைகளில் இறுகிய குறும்பியை எடுத்த அளவிலேயே பாதிக் குறை தீர்ந்துவிடுவதும் உண்டு. காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும் கொண்டை ஊசியால் குடைவதும் கூடவே கூடாது. பிறகு ஆடியோகிராம் எடுக்கப்படும். செவித்திறன் திடீரென ஓரிரு நாளில் குறைந்தால் அது அவசர நிலை. உடனே வாருங்கள், நாள் தள்ளினால் மருந்துக்குப் பலன் குறையும்.

கருவி வாங்கியவர்களில் பலர் அதைப் பீரோவில் வைத்துவிடுகின்றனர். குக்கர் விசிலும் மின்விசிறி இரைச்சலும் முதல் நாட்களில் தாங்க முடியாதபடி ஒலிப்பதே காரணம். ஆண்டுக்கணக்கில் அவ்வொலிகளைக் கேளாத மூளை அவற்றைப் புறந்தள்ள மீண்டும் கற்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். நாளுக்குச் சிறிது நேரமாகத் தொடங்கி, ஒலி அளவைத் திருத்திக்கொள்ள இரண்டு மூன்று முறையாவது வரவேண்டும். விலை தடையாக இருந்தால், தகுதியுடையோர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அரசின் காதொலிக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம்.

வீட்டில் உள்ளவர்கள் அடுத்த அறையிலிருந்து குரல் கொடுக்காமல் எதிரே வந்து, முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று பேசுவது கருவி அளவுக்கே உதவும். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். ஒரு சொல் விளங்காவிட்டால் அதையே மும்முறை கத்தாமல் வேறு சொல்லால் கூறுங்கள்.

உள்நோயாளியாகச் சேரும்போது கருவியையும் மாற்று மின்கலத்தையும் தவறாமல் கொண்டு வாருங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் முதியவர்களுக்கு வரும் மனக்குழப்பத்துக்குக் காது கேளாமையும் ஒரு தூண்டுகோல். அறுவை அரங்கத்துக்குப் போகும் முன் கழற்றிய கருவி, கண் விழித்த சிறிது நேரத்திலேயே காதுக்குத் திரும்ப வேண்டும். அதை யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்பதைச் செவிலியரிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.