நிற்க முடிகிறதா உங்களால்?

காசநோய்க்கு மருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனையில் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத வகையாக இல்லாவிட்டால், ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும். இதெல்லாம் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். அப்படியும் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இந்த நோயால் இறக்கிறார்கள். இந்தக் கணக்கில் இருப்பவர்கள் நோய் கண்டுபிடிக்கப்படாமலே போனவர்கள் மட்டும் அல்ல. சளிப் பரிசோதனை முடிந்து, பதிவேட்டில் பெயர் ஏறி, மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் இறப்பவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் இறக்கிறார்கள்.

மாத்திரை வேலை செய்யாததால் அல்ல. மாத்திரை கிருமியைக் கொல்லும். அரித்துப்போன நுரையீரலை ஒரே வாரத்தில் சரிசெய்யாது, கரைந்துபோன சதையைத் திரும்பப் போடாது. ஒருவரின் உயரம் 160 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அவர் எடை 36 கிலோவுக்கும் கீழே இறங்கிவிட்டால், உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. என்ற குறியீடு 14-ஐத் தொட்டுவிடும். அந்த நிலையில் இதயத் தசை உட்பட எல்லாமே தேய்ந்திருக்கும். அவருக்கு மாத்திரையோடு படுக்கையும், தேவைப்பட்டால் ஆக்சிஜனும், அளந்து கொடுக்கும் உணவும் வேண்டும். அளந்து என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பல வாரம் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென வயிறு நிறையச் சோறு போட்டால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் தடுமாறக்கூடும். வீட்டில் பாசத்தோடு செய்யும் கவனிப்பே ஆபத்தாகிவிடும் கட்டம் அது.

இவையெல்லாம் மருத்துவப் பாடப்புத்தகங்களில் உள்ளவைதான். கேள்வி என்னவென்றால், காலை ஓ.பி.யில் நூறு பேர் வரிசையில் நிற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், இன்று காசநோய் உறுதியான நான்கு பேரில் யாரை வீட்டுக்கு அனுப்புவது, யாரை அனுப்பக் கூடாது? அதை யார், எதை வைத்து முடிவுசெய்வது?

பழைய கதை ஒன்றைச் சொன்னால்தான் இதன் முரண் புரியும். 1950-களில் காசநோயாளி என்றால் சானடோரியத்தில் சேர்ப்பதுதான் வழக்கம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. நாடு முழுக்க நோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்க, படுக்கைகளோ அதில் ஒரு சிறு பங்கு. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பொறுப்பேற்றார். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதிக்கு அதே மருந்துகளை நெரிசலான வீடுகளிலேயே கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை விழுங்குகிறார்களா, ஜன்னல் வழியே வீசுகிறார்களா என்று பார்க்க, முன்னறிவிப்பு இல்லாமல் போய்ச் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள்.

ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. சாப்பாடு, ஓய்வு, இடவசதி எல்லாவற்றிலும் பின்தங்கியிருந்தவர்களுக்குக் கிடைத்த இந்த 86, யாரும் எதிர்பார்க்காதது. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டதால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959-இல் முடிவுகள் வெளியாயின. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சென்னையின் இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

ஆராய்ச்சி முடிவு நடைமுறைக்குப் போய்ச் சேர்வதில்லை என்று புலம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இது போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் அளவுக்கு மீறியே சேர்ந்துவிட்டது என்று சொல்லலாம். 'பெரும்பாலோருக்கு வீடே போதும்' என்ற முடிவு, களத்துக்கு இறங்க இறங்க 'எல்லோருக்கும் வீடே போதும்' என்று ஆகிவிட்டது. காசநோய்த் திட்டம் மாத்திரையை மையமாக வைத்து வளர்ந்தது. மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும், நோயாளி இடையில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதன் பெரிய வேலைகளாயின. முதல் நாளே மூச்சு வாங்கிக்கொண்டு வருபவருக்குத் தனி வழி வகுக்கப்படவில்லை.

அந்த வழியைப் போட்டதும் சென்னையில் இருக்கும் ஒரு ஆய்வு நிறுவனம்தான். அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் தமிழக அரசின் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து 2022 ஏப்ரலில் 'தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்பதைத் தொடங்கின. ஆய்வுப் பக்கம் ஹேமந்த் ஷெவாடே, அரசுப் பக்கம் மாநில காசநோய் அதிகாரியாக இருந்த ஆஷா ஃபிரெட்ரிக் என்று பெயர்கள் உண்டு. ஆனால் எனக்கு இதில் பிடித்தது பெயர்கள் இல்லை. அவர்கள் எதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்பதுதான்.

ஒரு நோயாளி எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்று சொல்ல மருத்துவரிடம் நீண்ட பட்டியலே இருக்கும்: ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்.ஐ.வி., சிறுநீரகம், எக்ஸ்ரே. அனைத்தும் முக்கியம்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முடிவு வர நேரமாகும். சில இடங்களில் வசதியே இருக்காது. முதல் வடிகட்டலுக்கு அவ்வளவும் தேவையில்லை என்று தள்ளிவைத்துவிட்டு ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். உயரமும் எடையும் பார்த்து பி.எம்.ஐ.; இரண்டு கால்களிலும் வீக்கம்; ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு; விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு; யாரையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா.

பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அல்லது 16-க்குள் இருந்து கால் வீக்கமும் சேர்ந்திருந்தால், மூச்சு 24-ஐத் தாண்டினால், ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனால், துணையில்லாமல் நிற்க முடியாவிட்டால், இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். அவரை வீட்டுக்கு அனுப்பாமல், உள்நோயாளி வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே மருத்துவர் விரிவாகப் பார்த்து உறுதிசெய்வார்.

இதைச் செய்ய மருத்துவர் வேண்டாம். செவிலியரோ காசநோய்ப் பிரிவின் களப்பணியாளரோ சில நிமிடங்களில் முடித்துவிடலாம். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா என்று பார்ப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. மூச்சை எண்ணுவதில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே நோயாளி மூச்சு விடும் விதம் மாறிவிடும். ஆகவே நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சில் வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இங்கே உதவாது. ஒரு மூச்சு பிசகினாலும் நாலாகிவிடும். ஆக்சிமீட்டர் பெரும்பாலான இடங்களில் ஏற்கெனவே இருந்தது, கொரோனா விட்டுச்சென்ற உருப்படியான ஒரே சொத்து. சரி, எழுந்து நிற்கவே முடியாதவரை எப்படி எடை போடுவது? போட வேண்டியதே இல்லை. நிற்க முடியவில்லை என்ற ஒன்றே அவரை அனுப்பிவைக்கப் போதும்.

இப்படிக் கழிக்கத் தெரிவது ஆய்வகத்தில் உட்கார்ந்து வருகிற திறமை அல்ல. பதிவேட்டை யார் நிரப்புகிறார்கள், எடை எந்திரம் எங்கே இருக்கிறது, ஆம்புலன்ஸை யார் அழைப்பார்கள் என்று தெரிந்தவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் இதற்கென்றே 2008-இல் பல்கலைக்கழகங்களையும் அரசு மருத்துவ சேவையையும் சேர்த்து ஒன்பது வட்டாரக் கூட்டமைப்புகளை உருவாக்கினார்கள். பெயர் ஒரே மூச்சில் சொல்ல முடியாத நீளம், அதை விடுங்கள். அரசு ஆராய்ச்சி நிதி கொடுத்ததற்கு இணையாக உள்ளூர் மருத்துவ சேவையும் தன் பங்கைப் போட வேண்டும் என்ற நிபந்தனைதான் அதில் கெட்டிக்காரத்தனம். தன் பணத்தைப் போட்டவர், 'இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் எனக்கு என்ன பயன்?' என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுவார்.

நம் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. மங்களூரு ஏனெபோயா மருத்துவக் கல்லூரியின் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர், சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆய்வு நிறுவனத்தோடும் ஜார்க்கண்டின் காசநோய்த் திட்டத்தோடும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளுக்கு அரிசி, வறுத்த கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய் அடங்கிய பையை மாதந்தோறும் கொடுத்தார்கள். குடும்பத்தாரில் ஒரு பகுதியினருக்கும் அரிசி பருப்பு கொடுத்து, கொடுக்காத குடும்பங்களோடு ஒப்பிட்டார்கள். உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-இல் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டது. நோயாளிகளுக்கு மத்திய அரசு மாதந்தோறும் தந்துவந்த 500 ரூபாய், 2024 நவம்பரில் 1,000 ஆனது. அந்தப் பணத்தில் இன்றைய விலைக்கு எத்தனை நாள் பருப்பு வாங்க முடியும் என்று கேட்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள், கேட்கவும் வேண்டும்.

தமிழகத் திட்டத்துக்குத் திரும்புவோம். புதிதாகப் பதிவாகும் நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவராவது இந்த ஐந்தில் சிக்குகிறார். தொடக்ககால இறப்புகள் பல மாவட்டங்களில் குறைந்திருப்பதாகத் திட்டத்தை நடத்துபவர்கள் சொல்கிறார்கள். குலுக்கல் முறையில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அல்ல இது. முன்பு எப்படி, பின்பு எப்படி என்று பார்ப்பது. கொரோனா ஓய்ந்த காலமும் இதே காலம்தான் என்பதால், குறைந்த இறப்பு முழுவதையும் திட்டத்தின் கணக்கிலேயே எழுதிவிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவர்கள் இந்த வலைக்குள் வரவும் இல்லை.

2025-இல் இந்தத் திட்டத்தின் 'டிபி சேவா' என்ற செயலியில் ஒரு புதிய வசதி சேர்ந்தது. ஏறத்தாழ 56,000 நோயாளிகளின் தரவை வைத்துக் கணக்கிட்ட மாதிரி அது. இந்த ஐந்து அளவுகளையும் உள்ளிட்டால், இவர் இறப்பதற்கான வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று எண்ணாகவே காட்டும். தீவிர நிலையில் இருப்பவர்களுக்கு அது 10 முதல் 50 வரை போகும். மற்றவர்களுக்கு 1 முதல் 4. எதற்கு இந்த எண்? நோய் உறுதியானதற்கும் வார்டில் சேர்வதற்கும் இடையில் சராசரியாக ஒரு நாள்தான் ஆகிறது என்றாலும், கால்வாசிப் பேருக்கு ஆறு நாள்வரை இழுக்கிறது. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வர முடியாது, கூட இருக்க ஆளில்லை, குடியை விட முடியவில்லை என்று ஆளுக்கொரு காரணம். 'கொஞ்சம் சீரியஸ்' என்று சொன்னால் அசையாத குடும்பமும் மருத்துவமனையும், 'நூற்றுக்கு நாற்பது' என்றால் அன்றைக்கே அசையும் என்பது எதிர்பார்ப்பு. அது பலிக்குமா என்று பார்க்க, அந்த ஆறு நாள் எத்தனை நாளாகக் குறைகிறது என்பதைத்தான் அடுத்து எண்ண வேண்டும்.