சத்தம் போடாத வால்வையே கவனியுங்கள்

அரியாலைத் தோட்டத்துக் கத்தரியையும் மிளகாயையும் விடியுமுன் சந்தைக்குச் சேர்க்க எம்மில் பலரிடம் இருப்பது ஒரு பழைய மோட்டார் சைக்கிளே. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு பெற்றோல் தடைப்பட்டபோது, சில துளி பெற்றோலில் இயங்கத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியவை இவை. 1995 ஒக்ரோபர் 30இல் நாவற்குழிப் பாலம் தாண்டிய இடப்பெயர்விலும் சைக்கிள்களோடு இவையும் மூட்டை சுமந்தன. எஞ்சியிருக்கும் ஹொண்டா 70, 90 போன்றவற்றைக் காப்பாற்ற, வால்வு இடைவெளியை வீட்டிலேயே சரிபார்க்கப் பழகுவோம்.

வால்வின் நுனிக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே சிறு இடைவெளி வேண்டும். சூட்டில் இரும்பு நீளும். அதற்கான இடம் அது. இடைவெளி கூடினால் 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். நாமும் உடனே கவனிப்போம். குறைந்தால் சத்தமே இராது. ஆபத்து அங்கேதான். வால்வு முழுதாக மூடாது. புகைபோக்கிப் பக்க வால்வு தன் இருக்கையில் படிந்துதான் சூட்டை ஆற்றுகிறது, படியாவிட்டால் கருகிப்போகும். ஓட ஓட இருக்கை தேய்வதால் இடைவெளி தானாகவே குறைந்துவரும். சூடானபின் இயங்க மறுப்பதும், இழுவை குறைவதும் இதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

செய்யும் முறை:

1. இரவு முழுவதும் ஆறிய எஞ்சினிலேயே தொடங்குங்கள். பிளக்கைக் கழற்றுங்கள்.

2. மேலும் கீழுமுள்ள இரு வால்வு மூடிகளையும் 17 அளவுச் சாவியால் கழற்றுங்கள்.

3. இடப்பக்க மூடியைத் திறந்து, சில்லை இடஞ்சுழியாகச் சுற்றி 'டி' அடையாளத்தைக் கோட்டுக்கு நேரே நிறுத்துங்கள். இரு கைகளும் தளர்வாக ஆடவேண்டும். ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச்சுற்று.

4. ஹொண்டா 70, 90க்கு இரு வால்வுகளுக்கும் அளவு 0.05 மில்லிமீற்றர்; ஒரு தலைமயிரின் தடிப்பளவே. அந்தத் தகடு இலேசான பிடிப்போடு வழுக்கிப் போகவேண்டும். வேறு வண்டிகளுக்கு அவற்றுக்குரிய அளவைக் கேட்டறியுங்கள்.

5. 9 அளவு நட்டைத் தளர்த்தி, நடுத் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். திருகாணியை அசையாமல் பிடித்தபடியே நட்டை இறுக்குங்கள். பின்னர் தகடு வைத்து மீண்டும் பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறுவதுண்டு.

6. மூடிகளின் றப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள். தலை அலுமினியம், அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் புரி போய்விடும்.

சத்தத்தை அடக்கவென்று இடைவெளியை மேலும் குறைப்பது பலரிடமுள்ள வழக்கம். அதை விட்டுவிடுவோம். சற்றுச் சத்தமிடும் எஞ்சின் நெடுநாள் உழைக்கும்.

அளவுத் தகடு வீட்டுக்கு ஒன்று தேவையில்லை. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். கைப்பழக்கமுள்ள ஒருவர் மற்றவருக்குக் காட்டிக்கொடுக்கலாம். பலமுறை எல்லாம் இழந்து திரும்பிய நாம், இருப்பதைப் பேணுவதிலிருந்தே மீண்டும் எழ முடியும்.