கொட்டாங்குச்சியில் பிடித்த வெளிச்சம்

எங்கள் வீட்டு ஹால் ஜன்னல் கண்ணாடிக்கு ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஒரு பல்லி வரும். டியூப்லைட்டைத் தேடி வரும் பூச்சிகளைப் பிடிக்கத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது ஒட்டிக்கொண்டிருக்கும், இந்தப் பக்கத்திலிருந்து அதன் வெளுத்த வயிறும் விரல்களும் நமக்குத் தெரியும். லீவுக்கு வந்திருந்த அண்ணன் மகள், அவள் அம்மாவின் செல்போனை வாங்கி அதைப் படம் எடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்தால் பல்லி மேல் ரவையைத் தூவிய மாதிரி ஒரே புள்ளி புள்ளி. "போன் கெட்டுப்போச்சா அத்தை? காலையில மாமரத்தை எடுத்தேனே, பளிச்சுன்னு வந்துச்சே!"

போன் கெடவில்லை. ராத்திரி வெளிச்சத்தில் எல்லாப் போனும் இப்படித்தான் திணறும். ஏன் என்று புரிய, மொட்டை மாடியில் கொட்டாங்குச்சிகளை அடுக்கி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

போன் கேமராவின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அதற்கு சென்சார் என்று பெயர். நிறைய போன்களில் அது சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்காது. அதற்குள் கோடிக்கணக்கான குட்டிக் கட்டங்கள். '12 மெகாபிக்சல்' என்றால் ஒரு கோடியே இருபது லட்சம் கட்டம். ஒரு கட்டத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். உங்கள் தலைமுடி ஒன்றின் அகலத்துக்குள் ஐம்பது, அறுபது கட்டங்களை வரிசையாக வைத்துவிடலாம்!

ஒவ்வொரு கட்டமும் ஒரு கொட்டாங்குச்சி. வெளிச்சம்தான் மழை. இது வெறும் உவமை இல்லை. வெளிச்சம் உண்மையிலேயே துளித் துளியாகத்தான் வருகிறது. அந்தத் துளிக்கு ஃபோட்டான் என்று பெயர். படம் எடுக்கும் அந்தக் கண நேரத்தில் எந்தக் கொட்டாங்குச்சியில் எத்தனை துளி விழுந்தது என்று போன் எண்ணுகிறது. நிறைய விழுந்த இடம் வெளுப்பு, கொஞ்சமாக விழுந்த இடம் கறுப்பு.

இப்போது தூறலை நினைத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கொட்டாங்குச்சிகளில் ஒன்றில் மூன்று துளி விழும், அடுத்ததில் ஆறு, அதற்கடுத்ததில் நான்கு. தூறல் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், ஆனால் துளிகள் சொல்லிவைத்த மாதிரி சமமாக விழாது. மூன்றுக்கும் ஆறுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம்! அடைமழை என்றால் ஒன்றில் 1,000 துளி, பக்கத்தில் 1,030. அந்த முப்பது கண்ணுக்கே தெரியாது. பல்லி மேல் தூவியிருந்த ரவை எதுவென்று இப்போது தெரிகிறதா? அது தூறலில் வந்த ஏற்றத்தாழ்வு. போதாததற்கு, படம் இருட்டாக இருக்கிறதே என்று போன் எல்லா எண்ணையும் பெருக்கிக் காட்டுகிறது. அதனால் அந்த வித்தியாசமும் சேர்ந்து பெருத்துவிடுகிறது.

"ஹால் நல்ல வெளிச்சமாத்தானே இருக்கு?" என்றாள். நம் கண் செய்யும் ஏமாற்று அது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் அளப்பார்கள். உச்சி வெயிலில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். டியூப்லைட் போட்ட அறையில் 200, 300 லக்ஸ் இருந்தாலே அதிகம். முந்நூறு மடங்குக்கும் மேல் குறைவு! கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு உறைப்பதில்லை. சென்சாரோ விழுந்ததைத்தான் எண்ணும்.

பெரிய கேமராக்கள் இதில் தப்பிப்பதற்குக் காரணம் அவற்றின் பெரிய சென்சார்தான். கல்யாணத்துக்கு வரும் போட்டோக்காரர்கள் பலர் வைத்திருக்கும் கேமராவில் அது 36 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம். கொட்டாங்குச்சிக்குப் பதில் அண்டா வைத்த மாதிரி.

நிறம் எங்கிருந்து வருகிறது? கொட்டாங்குச்சிக்குத் துளியை எண்ணத்தான் தெரியும், நிறம் தெரியாது. அதனால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு வண்ண மூடி போட்டிருக்கிறார்கள். சிவப்பு மூடி சிவப்பு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். நான்கு கட்டத்தில் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், இரண்டு பச்சை. நம் கண் பச்சையைத்தான் அதிக நுணுக்கமாகப் பார்க்கும், அதனால் அதற்கு இரண்டு பங்கு. கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் இதற்கு 1976இல் காப்புரிமை பெற்றார். பெரும்பாலான போன்களில் இன்றும் அவர் போட்ட கணக்குதான், அல்லது அதன் சாயல்தான், ஓடுகிறது.

திரையிலும் இதே மூன்று நிறங்கள்தான். அதை நேரிலேயே பார்க்கலாம். அம்மா, அப்பாவிடம் கேட்டுவிட்டு, திரையில் வெள்ளையாக ஏதாவது வரவைத்து, விரல் நுனியால் கடுகளவு தண்ணீர் ஒரே ஒரு சொட்டு வையுங்கள். சொட்டு பூதக்கண்ணாடி ஆகிவிடும். வெள்ளை காணாமல் போய், சிவப்பும் பச்சையும் நீலமும் மணி மணியாகத் தெரியும்! பார்த்ததும் துடைத்துவிடுங்கள்.

சரி, பல்லிக்கு வருவோம். தூறலில் தண்ணீர் சேர்க்க என்ன செய்யலாம்? அதிக நேரம் வைக்கலாம். போனில் இருக்கும் 'நைட் மோடு' இதைத்தான் செய்கிறது. அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்க்கிறது. அதற்குள் கை ஆடினால் படம் கலங்கிவிடும். அதனால் எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கி, அதன் மேல் போனைச் சாய்த்து வைத்தோம். பட்டனை அழுத்தும்போதே போன் அசையும் என்பதால் மூன்று விநாடி டைமர் வைத்தாள். பல்லி பூச்சிக்காகக் காத்திருக்கும்போது சிலை மாதிரி இருக்கும், அது எங்களுக்கு வசதி.

இன்னொன்று, மழையையே கூட்டுவது. டார்ச்சை எடுத்தோம். டார்ச்சுக்கும் பல்லிக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் இரண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய நான்கு மடங்காகும். நேராக அடித்தபோது கண்ணாடியில் டார்ச்சே பளீரென்று தெரிந்தது. பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் அது மறைந்தது. சாய்ந்து விழும் வெளிச்சத்துக்கு இன்னொரு குணம் உண்டு. மேடு பள்ளத்துக்கெல்லாம் நிழல் கொடுத்துவிடும். காலை வெயிலில் வாசல் கோலத்தை எடுத்துப் பாருங்கள், மாவுக்கோடு எழும்பி நிற்பது தெரியும். உச்சி வெயிலில் அதே கோலம் தட்டையாகிவிடும்.

ஜூம் செய்ய நினைத்தாள். வேண்டாம் என்றேன். நிறைய போன்களில் ஜூம் என்றால் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். கொட்டாங்குச்சிகள் குறைந்துபோகும். அதற்குப் பதில் டப்பாக்களை மெல்ல ஜன்னல் பக்கம் நகர்த்தினோம். கேமரா கண்ணாடியில் இருந்த விரல் பிசுக்கைப் பருத்தித் துணியால் துடைத்தாள்.

நாலாவது தடவை படம் விழுந்தது. ரவை இல்லை. பல்லியின் ஒவ்வொரு விரலுக்கு அடியிலும் படிக்கட்டு மாதிரி குறுக்கு வரிகள் தெரிந்தன. அந்த வரிகளில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்களால்தான் பல்லி கண்ணாடியில் வழுக்காமல் ஒட்டுகிறது. அவள் போனை முகத்தருகே வைத்துக்கொண்டு வரிகளை எண்ண ஆரம்பித்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோது, "இருங்க அத்தை, இன்னும் ரெண்டு விரல் பாக்கி" என்றாள்.