குடி நிற்கும் நாளில் தொடங்கும் பணிவிடை

கொட்டிவாக்கம் குப்பத்துக் குடும்பமானாலும் சரி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து மாடிவீட்டுக் குடும்பமானாலும் சரி, பங்குத் தந்தையைத் தேடி வரும் தாய்மார் பலரின் வேண்டுகோள் ஒன்றே: "ஃபாதர், அவர் குடியை நிறுத்த நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்." நாமும் சொல்கிறோம். சிலர் பெசன்ட் நகர் அன்னையின் திருத்தலத்திற்கே சென்று சத்தியம் செய்து திரும்புகின்றனர். ஆனால், குடியை நிறுத்திய மறுநாள் அந்த மனிதனின் உடலுக்கும் உள்ளத்திற்கும் என்ன நேரும், அவனருகில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை எடுத்துரைப்பார் அரிது.

பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒருநாள் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்திற்குள் கைநடுக்கமும் வியர்வையும் குமட்டலும் தோன்றும், உறக்கம் வராது. முதல் இரண்டு நாட்களில் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். இல்லாத குரல்கள் கேட்கும். காய்ச்சலும் படபடப்பும் கூடும். இந்த நிலை உயிருக்கே ஆபத்தானது. வீட்டாரோ, 'பேய் பிடித்தது' என்றோ, 'நடிக்கிறான்' என்றோ எண்ணி அறையில் பூட்டுகின்றனர். கட்டிலில் கட்டியும் வைக்கின்றனர். எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும் இது பெருந்தீங்கு. ஆதலால், நெடுநாள் குடித்தவர் மருத்துவரின் மேற்பார்வையிலேயே குடியை நிறுத்த வேண்டும்.

அந்த நாட்களில் செவிலியர் செய்யும் பணி வெளிப்பார்வைக்குச் சிறியது. நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உடல் வெப்பத்தையும் குறித்த நேரத்தில் பார்த்து எழுதுவது. விளக்கை முழுதும் அணைத்து விடாமல், நிழல்கள் பயமுறுத்தாதபடி அறையில் மெல்லிய வெளிச்சம் இருக்கச் செய்வது. "இது மருத்துவமனை, இன்று வியாழக்கிழமை, நான் செவிலியர்" என்று ஒரே அமைதியான குரலில் திரும்பத் திரும்பச் சொல்வது. கட்டிலினின்று விழாமல் காப்பது. குடிநோயாளரின் உடலில் தயமின் என்னும் வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு விளையக்கூடும் என்பதால், தயமின் ஊசியை முன்னதாகப் போட்டுவிடுகின்றனர். நடுக்கத்தைத் தணிக்கத் தரும் மாத்திரைகளும் நாளுக்கு நாள் குறைக்கப்பட்டுச் சில நாட்களில் நிறுத்தப்படும். அவையே புதிய பழக்கமாகிவிடக் கூடாதன்றோ!

குடிநோயாளரை மருத்துவமனைகளே சேர்க்க மறுத்த காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் புனித தோமா மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில் பணிபுரிந்தவர் அருட்சகோதரி இக்னேஷியா. 1939-ஆம் ஆண்டு டாக்டர் பாப் ஸ்மித் என்பவர் ஒரு குடிநோயாளரை அழைத்துவந்தபோது, 'இரைப்பை அழற்சி' என்று பதிவேட்டில் எழுதி, பூக்களை ஒழுங்குசெய்யும் சிறு அறையில் அந்த மனிதருக்கு இடம் தந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அச்சகோதரியே மனமும் உடலும் தளர்ந்து, தாம் கற்பித்துவந்த இசைப்பணியை விட வேண்டியவரானார் என்பது பலர் அறியாத செய்தி. குணமடைந்து செல்வோருக்கு அவர் திரு இருதயச் சுரூபம் ஒன்றைக் கொடுத்து, மீண்டும் குடிக்கத் தோன்றினால் முதலில் வந்து இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று வாக்கு வாங்குவார். தளர்ச்சி இன்னதென்று தாமே அறிந்தவர் ஆதலால், குடிகாரனுக்குள் ஒரு துயருற்றவனை அவரால் காண முடிந்தது என்றே நாம் கருதுகிறோம்.

ஏனெனில் குடியும் மனச்சோர்வும் அடிக்கடி ஒரே வீட்டில் குடியிருப்பவை. சோர்வை மறக்கக் குடிப்பவர் உண்டு. குடியினாலேயே சோர்வுற்றவரும் உண்டு. ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குச் செல்லாமல் கரையில் முடங்கியிருப்பவரிடம், எது முதலில் வந்தது என்று யார் பிரித்துச் சொல்வது? குடியை விட்டு இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலருக்குச் சோர்வு தானே விலகுகிறது. விலகாதவருக்கு அதற்கெனத் தனி மருத்துவம் தேவை. அம்மருந்துகள் பலன் தரவும் சில வாரங்கள் ஆகும். அவற்றைத் தூக்க மாத்திரை என எண்ணி வீட்டார் இடையில் நிறுத்திவிடுவதை அடிக்கடி காண்கிறோம்.

போதை தெளிந்தபின், இழந்த வேலையும் அடகு வைத்த தாலியும் பிள்ளைகளின் பயமும் அவர் கண்ணுக்கு முதன்முறையாகத் தெளிவாகத் தெரிகின்றன. சாக வேண்டும் என்ற எண்ணம் அப்போது எழக்கூடும். சற்றுத் தேறி, உடலில் தெம்பு வரும் வேளையிலும் எழலாம். 'வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா?' என்று செவிலியர் நேராகவே கேட்கின்றனர். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. மாறாக, நெஞ்சின் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கிறது. மனைவியும் தாயும் இதைக் கேட்கலாம். கேட்டபின் அறிவுரை சொல்லாமல் அருகே அமர்ந்திருக்கலாம். அந்த இரவில் அவரைத் தனியே விடலாகாது.

கொட்டிவாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை உள்ளது. குடிநோயால் 1979-இல் இளவயதிலேயே கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள், அவர் பெயரால் 1980-இல் நிறுவிய அறக்கட்டளையே இதற்கு அடித்தளம். அவருக்கு 1992-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இங்கு நோயாளருக்கு மட்டுமின்றிக் குடும்பத்தாருக்கும் தனி வகுப்புகள் நடைபெறுகின்றன. 'குடிப்பவர் அவர், நான் ஏன் வர வேண்டும்?' என்று கேட்கும் பெண்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறோம்.

இன்னொரு எச்சரிக்கை. 'நோயாளிக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று சுவர்களில் விளம்பரங்கள் காண்கிறோம். அத்தகைய பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்பதை யாரறிவார்? குடிவெறுப்பு மாத்திரையான டைசல்பிராமைக் காப்பியில் மறைத்துக் கொடுத்து, அவர் அதன்மேல் குடித்துவிட்டால், முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிரும் போகலாம். அந்த மாத்திரையை அவரே அறிந்து, இசைந்து, மருத்துவர் கூறியபடி உட்கொள்ள வேண்டும்.

கணவரைக் காவல் காத்துக் களைத்த மனைவியை யார் பார்ப்பது? உறங்காமலும் உண்ணாமலும் பூசை நேரத்தில் காரணமின்றி அழுதுகொண்டும் இருக்கும் அவளுக்கும் மனச்சோர்வு இருக்கலாம். அன்பியக் குடும்பங்கள் ஒருநாள் அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், அவளும் மருத்துவரிடம் சென்றுவர முடியும். அதற்கும் வழியில்லாதபோது, மைய அரசு 2022-இல் தொடங்கிய மனநல உதவித் தொலைபேசி இருக்கிறது. 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.